சேர்மன் குடித்ததாகச் சொல்லப்படும் தண்ணீர்

எங்கள் முனிசிபல் ஆபீசில் இப்போது இருக்கும் சானிடரி இன்ஸ்பெக்டர் நல்ல பிள்ளை. வெளியூர்க்காரர். கொஞ்ச நாளைக்கு முன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். காலஞ்சென்ற சேர்மன் ஏகாம்பர முதலியாரின் படத்தை நகர மண்டபத்தில் திறக்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அவர் காலத்து உத்தியோகஸ்தர்களில் நான் ஒருவன்தான் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறேனாம். ஆகவே நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம்.

"முக்கியமா அந்தத் தண்ணி விஷயத்த எழுதுங்க சார். சேர்மன் பட்டறைத் தெருவுக்குப் போயி, ஏழைங்க கெணத்துத் தண்ணிய வெள்ளித் தம்ளர்ல வாங்கிக் குடிச்சாராமே. அப்ப நீங்க பக்கத்துலயே நின்னீங்களாமே" என்றார்.

பக்கத்தில் நின்றது உண்மைதான். மற்றதை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். மலரில் இடம் போதவில்லை என்று மிகுந்த மரியாதையுடன் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடம் போதாததன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. எழுதியது வீணாகப் போக வேண்டாம் என்று, பிறகு நடந்த ஒன்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் எனக்கு டீ வாங்கித் தருகிறார்கள். வேலூரிலிருந்து மேற்கே ரயிலில் வந்தால், பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே வரும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு என்று பெயர்தான். வருஷத்தில் பெரும்பகுதி அது வெறும் மணல்காடு. மத்தியானத்தில் கால் வைத்தால் பொரிந்துபோகும். தண்ணீர் வேண்டுமானால் மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில்தான் தோல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. தோல் பதனிடத் தண்ணீர்தான் முதல் தேவை என்பதை நினைத்தால், இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர்களின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

நான் திருவண்ணாமலைப் பக்கத்து ஆசாமி. பட்டணத்தில் சுகாதாரப் பரீட்சை பாஸ் செய்தேன். அங்கே என்ன படித்தேன் என்பதைச் சொல்லி உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன். படித்ததில் பாதி இந்த ஊரில் உதவவில்லை. மீதிப் பாதியை உபயோகிக்க யாரும் விடவில்லை. எனக்கு இங்கே வேலை கிடைத்ததற்குக் காரணம் பரீட்சை அல்ல, என் மூக்கு. உள்ளூர்க்காரர் எவருக்கும் தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் தெரிவதில்லை என்று யாரோ ஒரு துரை மேலிடத்துக்கு எழுதிவிட்டார். இனிமேல் சானிடரி இன்ஸ்பெக்டர் வெளித் தாலுகாக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரயிலை விட்டு இறங்கியதும் பிளாட்பாரத்திலேயே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வரவேற்க வந்திருந்த ஆபீஸ் சேவகன் அதைப் பார்த்து, "நம்மளுக்கு ஏத்த ஆளு வந்துட்டாரு" என்று சந்தோஷப்பட்டான்.

சேர்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏகாம்பர முதலியார் வக்கீல். சிவந்த மேனி, சரிகைத் தலைப்பாகை, மாறாத சிரிப்பு. ராவ் சாகிப் பட்டம் ஏற்கெனவே வாங்கியிருந்தார். ராவ் பகதூருக்காகக் காத்திருந்தார். யாருக்கும் முகத்தில் அடித்தாற்போல் 'இல்லை' என்று சொன்னதே கிடையாது. மனுவை வாங்குவார், கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்ப்பார், "ஆவன செய்வோம்" என்பார். மனுக்காரன் படியிறங்கும்போது பாதிக் காரியம் முடிந்துவிட்டதாகவே நினைப்பான். மீதிப் பாதி என்னவாயிற்று என்று கேட்க அவன் மறுபடி வரும்போதும் அதே அன்புதான். லஞ்சம் தொடாதவர். அதை நான் எங்கேயும் சொல்வேன். அவருடைய ஒரே கெட்ட பழக்கம் மூக்குப்பொடி. சுகாதாரக் கமிட்டியின் தலைவரும் அவரே. ஊர்க் கிணறுகளின் தண்ணீரை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஒரு பொடிக்காரரிடம் இருந்தது.

கமிட்டியின் இன்னொரு அங்கத்தினர் மதார் சாகிப். ஊரிலேயே பெரிய டேனரி அவருடையது. கறுத்த, கனத்த மனிதர். நெற்றியில் தொழுகைத் தழும்பு. கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சீக்கிரம் போய்விடும். போட்டோ பிடிப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று எந்த குரூப் படத்திலும் நிற்க மாட்டார். பிறந்ததிலிருந்து தோலோடு வளர்ந்தவர். நாற்றம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் நம்பவில்லை. வெளியூர்க்காரர்கள் பொறாமையில் கிளப்பிவிட்ட வதந்தி என்று உண்மையாகவே நினைத்தார்.

கிணறு பரிசோதிக்கும் முறையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. விதிப்படி தண்ணீரை மூன்று விதமாகச் சோதிக்க வேண்டும்: கண்ணால் பார்க்க வேண்டும், முகர வேண்டும், கமிட்டி அங்கத்தினர் ஒருவராவது குடித்து ருசி பார்க்க வேண்டும். சேர்மன் முன்னால் நடப்பார். பின்னால் டவாலிச் சேவகன், தோளில் ஒரு பட்டுப் பை. பைக்குள் சேர்மன் வீட்டு வெள்ளித் தம்ளர். அக்கிரகாரக் கிணறு, முதலியார் தெருக் கிணறு, பள்ளிவாசல் கிணறு எல்லா இடத்திலும் பை அவிழும், தம்ளர் வெளியே வரும். சேர்மன் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். பொடி போட்ட மூக்கை அதன்மேல் கொண்டுபோவார். அண்ணாந்து, தூக்கிக் குடிப்பார். "அமிர்தம்" என்பார். நான் எழுதிக்கொள்வேன்.

ஆனால் பட்டறைத் தெருவில் பை அவிழாது.

பட்டறைத் தெரு மதார் சாகிப் டேனரிக்குப் பின்னால் இருந்தது. தொட்டிகளில் இறங்கித் தோல் மிதிப்பவர்களும், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்களும் குடியிருந்த இடம். அங்கே ஒரே ஒரு கிணறு. அந்தத் தெருத் தண்ணீர் சேர்மனின் தொண்டையில் இறங்குவது என்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் அல்ல. ஆகவே அங்கே மட்டும் இரண்டு சோதனைதான். கண்ணால் பார்த்தார்கள், தெளிவு. முகர்ந்தார்கள், வாசனை இல்லை. பார்த்தவர்கள் வெள்ளை மனசுக்காரர்கள். முகர்ந்தவர்களில் ஒருவர் பொடி போட்டவர், இன்னொருவர் டேனரிக்குள் பிறந்தவர். இப்படியே பல வருஷங்கள் அந்தக் கிணறு நல்ல கிணறு என்று பாஸாகிக்கொண்டிருந்தது.

வந்த புதிதில் நான் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். கன்னியம்மாள் என்று ஒரு பெண், பட்டை இடிப்பவள், கிணற்றடியில் நின்றிருந்தாள். குடத்தைச் சாய்க்கச் சொல்லிக் கையேந்தினேன். அவள் பயந்தே போனாள். ஒரு வாய்தான். உப்பு, அதற்கடியில் சுண்ணாம்பு, கடைசியில் பட்டையின் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. இதை ஆபீசில் சொன்னேன். சேர்மன் அன்போடு கேட்டுவிட்டு, ருசி சொல்லும் அதிகாரம் அங்கத்தினர்களுக்கே உண்டு, சம்பளக்காரருக்குக் கிடையாது என்று விதியைக் காட்டினார். என் மூக்கு சட்டத்தில் செல்லும். என் நாக்கு செல்லாது.

சில வருஷம் கழித்து ஒரு கோடை. அந்தத் தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. கன்னியம்மாளின் இளைய பெண்ணும் துணியாய்க் கிடந்தாள். விஷயம் மேலிடத்துக்கு எட்டி, கிணற்றைச் சோதித்து உடனே முடிவு சொல்லும்படி தாக்கீது வந்துவிட்டது. இந்தத் தடவை என் மூக்கு சொல்வதையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். நாற்றம் இருக்கிறது என்று சொல்லிவிடுவது என்று நானும் முடிவு செய்திருந்தேன். சோதனைக்கு முதல் நாள் கன்னியம்மாள் என்னைத் தேடிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, நாத்தம் அடிக்குதுன்னு எழுதிடாதீங்க" என்றாள்.

"உன் பொண்ணே படுத்துக் கெடக்கறா. அந்தத் தண்ணியாலதானே?" என்றேன்.

"தெரியுங்க. ஆனா எழுதினா இன்னா பண்ணுவாங்க? டேனரியையா மூடுவாங்க? கெணத்தத்தான் மூடுவாங்க. மேட்டுச் சேரில அப்படித்தான மூடினாங்க. இப்ப அவங்க ஆத்து மணல்ல ஊத்து தோண்டிட்டு கெடக்கறாங்க. நாங்க விடிஞ்சா பட்டறைக்குப் போய்ட்டு பொழுது சாயத்தான் வர்றோம். எப்ப ஆத்துக்குப் போறது? மேலத் தெருக் கெணத்துல எங்கள மொள்ள வுடுவாங்களா? கெட்ட தண்ணின்னாலும் தண்ணி கீது ஐயா. அதுவும் இல்லாம பண்ணிடாதீங்க."

பிறகுதான் எனக்கு இன்னொன்றும் தெரியவந்தது. கமிட்டி வருகிறது என்று தெரிந்தால் அந்தத் தெருப் பெண்கள் குடத்துக்குள் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்துவிடுவார்களாம். பார்வைக்குப் பன்னீர் மாதிரி இருக்கும். கிணறு மூடப்படாமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. குடிக்கிறவர்களே குற்றத்தை மறைக்க வேண்டிய நிலைமையில் ஒரு நகராட்சி அவர்களை வைத்திருந்தது. நாற்றம் என்றால் கிணறு போய்விடும். நாற்றம் இல்லை என்றால் குழந்தைகள் அதையே குடிக்கும். என் மூக்கை நம்பி வேலை கொடுத்தார்களே என்று அன்று இரவெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கமிட்டி போயிற்று. ரம்ஜான் மாதம். மதார் சாகிப் உதடு காய்ந்து வந்தார். சேர்மன் வழக்கம்போல் உற்சாகமாக வந்தார். தெருவே கூடி நின்றது. கன்னியம்மாள் இறைத்த குடம் கிணற்றடியில் இருந்தது. தெளிந்த தண்ணீர்.

"பார்வைக்குச் சுத்தம். சாகிப், வாசனை?" என்றார் சேர்மன்.

மதார் சாகிப் குனிந்து முகர்ந்தார். "ஒண்ணும் இல்ல. இன்னா பேஜார் இது, நல்ல தண்ணிக்கு ஒரு கமிட்டி?"

சேர்மனும் முகர்ந்தார். ஒரு தும்மல் போட்டார். "இல்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர், உம்ம அபிப்பிராயம்?"

கன்னியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று இன்றுவரை தெரியாது. "என் அபிப்பிராயம் கடைசியில் சொல்ல வேண்டியது சார். முதலில் ருசி பாக்கணும். இந்தத் தடவை விதிப்படி எல்லாச் சோதனையும் முடிஞ்சுதான்னு மேலிடத்தில் கேப்பாங்க. ருசி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க" என்றேன்.

டவாலிச் சேவகன் பட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சேர்மனின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "அடடா, இன்றைக்குக் கிருத்திகை. நாளைக் காலை வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது" என்றார். அன்று காலை நான் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது உள்ளேயிருந்து நெய்த் தோசை வாசனை வந்தது. அப்போதெல்லாம் என் மூக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

"சாகிப்புக்கும் நோன்பு. ஆகவே இன்னொரு நாள்..." என்று சேர்மன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார்.

மதார் சாகிப் மேற்கே பார்த்தார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னொரு நாள் இன்னாத்துக்கு? கொஞ்ச நேரத்துல பாங்கு சொல்லிடுவாங்க. இங்கயே நோன்பு தொறக்கறேன். என் பட்டறைப் பக்கத்துத் தண்ணியில தப்பு கீதுன்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக்கூடாது" என்றார். ஜிப்பாப் பையைத் தடவி ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அவர் நிற்கும்போது சேர்மன் போக முடியுமா? அவரும் நின்றார். அந்தத் தெருவில் அவர் அவ்வளவு நேரம் நின்றது அதுவே முதல் தடவை. பாங்கு கேட்டது. மதார் சாகிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தம்ளருக்குக் கை நீட்டினார். சேவகன் சேர்மனைப் பார்த்தான். சேர்மன் வானத்தைப் பார்த்தார். குடத்துக்கும் வெள்ளித் தம்ளருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று சாகிப்புக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குனிந்தார், இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தார். "ஊத்தும்மா" என்றார்.

தன்னிடம் கூலி வேலை செய்யும் பெண்ணிடம் அந்தப் பெரிய மனிதர் கையேந்தி நின்றார். கன்னியம்மாள் ஊற்றினாள். அவர் ஒரு வாய் வாங்கினார். அப்படியே நின்றுவிட்டார். பகலெல்லாம் காய்ந்த தொண்டை, நோன்பு திறக்கும் தண்ணீர். துப்ப முடியாது. விழுங்கினார். தடுக்க முடியாமல் முகம் கோணிற்று. போதும் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கையில் இருந்தது முழுவதையும் குடித்தார்.

"எத்தினி வருஷமா இது?" என்றார்.

"நாங்க பழகிட்டோம் சாயபு."

"எத்தினி வருஷமான்னு கேட்டேன்."

"நீங்க புதுத் தொட்டி கட்டினதுலேர்ந்து."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சேர்மனிடம் திரும்பி, "என் தொட்டி உப்புதான் இது. என் பட்டை. எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு அவர்மேல் அந்த நிமிஷம் ஏற்பட்ட மரியாதை, பிறகு எத்தனையோ தடவை அவரோடு சண்டை போட்டும் குறையவே இல்லை.

சேர்மன் பதறிப்போனார். "சாகிப், இதை எழுதினால் கிணற்றை மூடியாக வேண்டும். இத்தனை வருஷம் நாம் பாஸ் செய்தது..."

"எழுதாதீங்க. மொதல்ல வேற தண்ணி வரட்டும், அப்புறம் மூடலாம்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார். சோதனை நடந்துகொண்டிருக்கிறது, முடிவு பின்னால் வரும் என்று மேலிடத்துக்குப் பதில் போயிற்று; என் மூக்கை மறுபடி யாரும் கேட்கவில்லை.

மறுநாளே அவர் வண்டிகளில் பீப்பாய்கள் ஏறின. ஆற்று ஊற்றிலிருந்து இனிப்புத் தண்ணீர் தினமும் தெருவுக்கு வந்து இறங்கியது. கன்னியம்மாளின் பெண் எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் வண்டித் தண்ணீர் எத்தனை நாளைக்கு? குழாய் வர வேண்டும். அதைக் கொண்டுவந்தவர் ஏகாம்பர முதலியார். அதை மறைத்தால் நான் யோக்கியன் அல்ல.

கவுன்சிலில் மேலத் தெருக்காரர்கள் கொதித்தார்கள். எங்கள் தெருவுக்கே இன்னும் குழாய் வரவில்லை, பட்டறைத் தெருவுக்கு என்ன அவசரம் என்றார்கள். நியாயம், இரக்கம், குழந்தைகள் என்றெல்லாம் சேர்மன் பேசவே இல்லை. ஒரு சிட்டிகைப் பொடியை உறிஞ்சிவிட்டுச் சாவதானமாகச் சொன்னார்: "அங்கே குழாய் இல்லாவிட்டால் அவர்கள் உங்கள் கிணற்றுக்குத்தான் வருவார்கள். சர்க்கார் உத்தரவு போட்டுவிட்டால் தடுக்க நம்மால் ஆகாது. ஆவன செய்வோம்." எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போயின. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல காரியத்தைக் கெட்ட காரணம் சொல்லி நடத்திக்கொடுக்கும் வித்தை அவர் ஒருவருக்குத்தான் வரும்.

தீர்மானத்தில் கிணறு கெட்டது என்று ஒரு சொல் இல்லை. ஊர் வளர்ந்துவருவதை முன்னிட்டு ஜனங்களின் சௌகரியத்துக்காகக் குழாய் நீட்டப்படுகிறது என்றுதான் இருந்தது. குழாயடிக் கல்லில் சேர்மன் பெயர் ஏறியது. மதார் சாகிப் தன் தொட்டிகளுக்கு அடியில் காரை பூசி, கழிவுநீர்க் கால்வாயையும் வேறு பக்கம் திருப்பினார். தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். வந்தால் காரணமும் கூடவே வரும் அல்லவா? அவ்வளவு சௌகரியமான அடக்கத்தைச் சேர்மனும் தடுக்கவில்லை. இவ்வளவும் முடிந்த பிறகு சேர்மன் சோதனை முறையில் ஒரு சீர்திருத்தம் செய்தார். ருசி பார்ப்பது நாகரிகத்துக்கு ஒவ்வாதது, ஆகவே இனித் தேவையில்லை என்று அதை எடுத்துவிட்டார். ராவ் பகதூர் பட்டமும் வந்து சேர்ந்தது.

என் மூக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதுவும் ஊர்க்காரனாகிவிட்டது. ஒருமுறை தீபாவளிக்கு வந்த என் மச்சினர் மாட்டுவண்டியை விட்டு இறங்காமலே திரும்பிவிடலாமா என்று யோசித்தார். என்ன விஷயம் என்று நான் நிஜமாகவே கேட்டேன். அதற்கப்புறமும் பல வருஷம் உத்தியோகம் பார்த்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டியவர்களுக்கும் மூக்கு இல்லை. இப்போது தண்ணீரைப் புட்டியில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து, பட்டணத்துக்குச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு. புட்டிக்குக் கிருத்திகை வராது.

போன வாரம் படத்திறப்பு நடந்தது. கட்டுரை வேண்டாம் என்றாலும் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். சேர்மனின் படம் ஆளுயரம். சிரிப்பை ஓவியர் அப்படியே பிடித்துவிட்டார். மதார் சாகிப் காலமாகி வெகுநாளாயிற்று. அவருக்குப் படமே கிடையாது. சேர்மன் படத்துக்குக் கீழே ஒரு முக்காலியில் பட்டு விரித்து அந்த வெள்ளித் தம்ளரை வைத்து, சுற்றிலும் மல்லிகைச்சரம் போட்டிருந்தார்கள். ஏழைகளின் கிணற்றடியில் சேர்மன் கையில் பிடித்த தம்ளர் என்று ஒருவர் சொல்லும்போது கூட்டம் கைதட்டியது.

மேடைக்கு மாலை கொண்டுவரப் பட்டறைத் தெருவிலிருந்து ஒருவர் வேண்டும் என்று கன்னியம்மாளை அழைத்து வந்திருந்தார்கள். தலை நரைத்துவிட்டது, பார்வை மட்டும் அப்படியே. மாலையைக் கொடுத்துவிட்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, இந்த லோட்டா எங்க தெருவுல வெளியவே வரலியே" என்றாள், மெதுவாக.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"சாயபு படம் எங்க?"

"அவர்தான் படமே புடிச்சிக்க மாட்டாரே."

மண்டபத்தில் புழுக்கம் தாங்கவில்லை. மேடையோரம் பெரிய பானையில் தண்ணீரும் வரிசையாகத் தம்ளர்களும் வைத்திருந்தார்கள். அவள் அங்கே போய், காவலுக்கு நின்ற சேவகனிடம், "குடிக்கத் தண்ணி கெடைக்குமாப்பா?" என்று கேட்டாள்.

சேவகன் இளவட்டம், மரியாதை தெரிந்தவன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "தாராளமா ஆயா. நீ வெளிய போய் நில்லு. செம்புல எடுத்தாந்து கையில ஊத்தறேன்."

நான் எழுந்தேன். ஒரு தம்ளரை நானே எடுத்து மொண்டுகொண்டு அவளிடம் போவதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள். பின்னாலேயே போய் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வாணாம் ஐயா. வூட்டுக்குப் போய் குடிச்சிக்கறேன். நம்ம கொழாய்தான் கீதே" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தாள்.

நான் தம்ளரும் கையுமாகப் படியில் நின்றேன். உள்ளே வேறொருவர் எழுந்து, சேர்மன் அந்தத் தண்ணீரைக் குடித்த கதையை ஆரம்பத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கியிருந்தார்.